கையெழுத்துப் போடாத ஈனாக்

1926 கோடையில் இங்கிலாந்தில் கூலிக் குறைப்பை ஏற்காத தொழிலாளரை வெளியே நிறுத்தி, முதலாளிகள் நிலக்கரிச் சுரங்கங்களை இழுத்து மூடினார்கள். எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், கிரிக்கெட் அணியில் வேகப்பந்து வீச்சாளன் ஈனாக் பிராக்கில்ஸ்பி ஒரு காலத்தில் கரி வெட்டியவன். அவனுடைய அண்ணன்மார் மூவரும் வேலையில்லாமல் நின்றார்கள். நான் விக்கெட் கீப்பர் வால்டர். எட்டு ஆண்டுகளாக அவன் பந்தைப் பிடித்துப் பிடித்தே என் விரல்கள் கோணிப்போயிருந்தன.

சுரங்கத்துப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்குப் பணம் திரட்ட அவன் ஊரில் ஒரு ஆட்டம் வைத்தார்கள். சம்பளத்துக்கு ஆடும் எவரும் அங்கே போகக் கூடாது என்றது எங்கள் கமிட்டி. ஈனாக் போனான். மறுநாள் கமிட்டி நீட்டிய மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றான். அணியிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

அதன்பின் வரிசையாக ஐந்து தோல்விகள். ஆகஸ்டில் கேப்டன் கார்லியன் என்னை வழிகாட்டச் சொல்லி அவன் வீட்டுக்கே வந்தார். கார்லியன் சம்பளம் வாங்காமல் ஆடும் பெரிய வீட்டுப் பிள்ளை. அப்படிப்பட்டவர் அந்தத் தெருவுக்குள் நுழைந்ததை ஜன்னலுக்கு ஜன்னல் வேடிக்கை பார்த்தார்கள்.

"பிராக்கில்ஸ்பி, சனிக்கிழமை நீ ஆடணும். ஒரு வரி எழுதிக் குடு, மத்ததை நான் பாத்துக்கறேன்."

"என்ன எழுதணும் சார்? பசிச்ச பிள்ளைங்களுக்காகப் பந்து போட்டது தப்புன்னா?"

"கொஞ்சம் வளைஞ்சு குடுத்தா என்ன குறைஞ்சுடும்?"

"பதினேழு வயசு வரைக்கும் சுரங்கத்துல குனிஞ்சே கிடந்தேன் சார். அது போதும்."

"உன் பிழைப்பைக் கெடுத்துக்காதே."

டர்னிப் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த அவன் மனைவி ஹெட்டி கத்தியோடு நிமிர்ந்தாள். "பந்து போட்டு வலிக்கிற இவரு தோளுக்குத் தைலம் தேய்க்கிறவ நான். பிழைப்பைப் பத்தி எங்களுக்கு நீங்க சொல்ல வேணாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது, இருமி மறைத்தேன்.

"வர்றேன் சார்," என்றான் ஈனாக். "எழுத மாட்டேன். வியாழக்கிழமை இங்க பிள்ளைங்களுக்காக இன்னொரு ஆட்டம் இருக்கு, அதையும் ஆடிட்டுத்தான் வருவேன். சம்மதமா?"

கார்லியன் கையிலிருந்த தொப்பியை இரண்டு சுற்றுச் சுற்றினார். "பதினோரு மணிக்கு மைதானத்துல இரு."

அந்தச் சனிக்கிழமை ஆடுகளம் ஈரமாக இருந்தது. தேநீர் இடைவேளைக்குள் ஈனாக் ஏழு பேரை வெளியேற்றிவிட்டான். ஒரு பந்து என் கையுறையைத் தாண்டி நெஞ்சில் அறைந்தது. வலியிலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இடைவேளையில் கமிட்டிச் செயலாளர் அதே கடிதத்தோடும் பேனாவோடும் எங்கள் அறைக்கு வந்தார்.

"இப்பவாவது போட்டுடுப்பா. எல்லாரும் மறந்துடலாம்."

ஈனாக் கடிதத்தை வாங்கினான். விரல் விரலாக அதில் சேற்றைத் துடைத்தான். "இந்தாங்க, என் கைரேகை. பத்திரமா வச்சுக்கோங்க."

அறையே அதிர்ந்தது. நாங்கள் எட்டு ஆண்டுகளில் அப்படிச் சிரித்ததில்லை.

ஆட்டத்தை நாங்கள் ஜெயித்தோம். செப்டம்பரில் அவன் ஒப்பந்தத்தைக் கமிட்டி புதுப்பிக்கவில்லை. வடக்கே நூற்பாலை ஊர் ஒன்றின் அணி அவனை உடனே அழைத்துக்கொண்டது. நாற்பத்தாறு வயதுவரை அங்கே வேகம் குறையாமல் வீசினான். எதிரணி மட்டையாளர்கள் ஜெபத்தை முணுமுணுத்துக்கொண்டேதான் அவனை எதிர்கொண்டார்களாம்.