லீவுக்கு வந்த மகள்

நிக்கோபாரின் கட்சால் தீவு ரப்பர் தோட்டத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கல்லூரி படிக்கப் போன முதல் பெண் மரகதம். மாலையில் கல்லூரி ஆய்வகத்தில் குடுவைகளைக் கழுவி அடுக்குவாள். அந்தக் கூலியில்தான் விடுதிச் சாப்பாடு. எழுபதுகளின் நடுவே ஒரு வருடம் அரசாங்கம் செலவைக் குறைத்தது. மாணவர்களுக்குக் கொடுத்துவந்த வேலை நின்றுபோனது.

"சம்பளம் வேண்டாங்க சார். சாப்பாடு மட்டும் போட்டாப் போதும்" என்று கல்லூரி முதல்வரிடம் கெஞ்சினாள்.

"அதுக்கும் உத்தரவு இல்லம்மா" என்றார் அவர், முகத்தைப் பார்க்காமல்.

தோழி சம்சாத் தன் வீட்டிலிருந்து சோறு கொண்டுவந்தாள். அது சம்சாத் தான் சாப்பிடாமல் கொண்டுவரும் பங்கு என்று தெரிந்த நாளில் மரகதம் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அடுத்த கப்பலில் ஊருக்குப் புறப்பட்டாள்.

துறைமுகத்தில் காத்திருந்த அம்மா பொன்னம்மா, "லீவா புள்ள?" என்று கேட்டாள். குடும்பம் இலங்கையை விட்டு இந்தத் தோட்டத்துக்குக் குடிவந்த பிறகு அம்மா அப்படிச் சிரித்து மரகதம் பார்த்ததில்லை. "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டாள்.

அங்கே ஜஹாஜ் என்று சொல்லும் கப்பல் போர்ட் பிளேருக்குத் திரும்பும் நாளில் பொன்னம்மா விடியுமுன் எழுந்து கட்டுச்சோறு கட்டினாள்.

"ஜஹாஜ் போகட்டும்மா. காலேஜ்ல வேலைய நிறுத்திட்டாங்க. நான் இனிமே போகல."

"முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு வேளை பட்டினி கெடந்தாவது அனுப்பியிருப்பேனே!"

"அதுக்குத்தாம்மா சொல்லல."

பொன்னம்மா கட்டுச்சோற்றை அவிழ்த்து இரண்டு பங்காகப் பிரித்துக் கட்டினாள். பிறகு மகளையும் கூட்டிக்கொண்டு ரப்பர் மரங்களில் பால் வெட்டக் கிளம்பினாள்.