மெஷினுக்கு ஒன்றரை மணி ஓய்வு

ரோஸ் பெல் கரும்புக்காட்டில் இருபது வருஷம் களை வெட்டி முழங்கால் தேய்ந்த தெய்வானைக்கு, கரும்பு நோய் பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் சீசா கழுவும் வேலை கிடைத்தது. நிழல், தண்ணீர், உட்கார ஒரு முக்காலி. வேறென்ன வேண்டும்?

அங்கே ஒரு மெஷின். கிருமி வளரும் சீசாக்களைத் தொட்டில்போல ஆட்டும். ஆட்டினால்தான் அதுகளுக்கு மூச்சுக்காற்று. பார்த்தபடியே இருந்தால் தூக்கமும் அல்லாத விழிப்பும் அல்லாத ஒரு மயக்கம் வரும் அவளுக்கு.

கரும்பில் பசை வடியவைக்கும் கிருமி ஒன்று, பசை இல்லாத சப்பைக் கிருமி ஒன்று. செத்த பசைக்கிருமியின் குணத்தைச் சுமக்கும் உள்நூலை எடுத்துச் சப்பைக்கு ஊட்டி அதையும் பசையாக்க, ஆய்வுக்கூடத்து விஞ்ஞானி முசே ஜெரார் இரண்டு வருஷமாய்ப் பாடுபட்டார். சப்பை வாயே திறக்கவில்லை. போன மாதம் ஒரே ஒரு நாள் திறந்தது. கிருமி வளர்க்கும் தட்டில் ஏழு பொட்டு, பசையோடு மினுமினுத்தன. அப்புறம் மூன்று தரம் செய்தும் ஒன்றுமில்லை.

"இந்த ஆய்வை வெள்ளிக்கிழமையோடு மூட மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்," என்றார் முசே.

தெய்வானை நாளை எண்ணிப் பார்த்தாள். சப்பை வாய் திறந்த அந்த நாள் ஆயுத பூஜை. அன்றைக்கு ஆயுதம் ஓடலாமா? முசே சாப்பிடப் போனதும் மெஷினை நிறுத்தி, சந்தனம் இட்டு, ஒன்றரை மணி ஓய்வு கொடுத்து, அவர் வரும்முன் துடைத்து ஓடவிட்டிருந்தாள்.

"வாயைத் திறக்காதே அக்கா," என்றாள் கூட வேலை செய்யும் ரீத்தா. "மெஷினுக்கு லீவு கொடுத்தாய், உனக்கும் கொடுப்பார். ஆயுசுக்கும்!"

தெய்வானை முசேயிடம் சொல்லிவிட்டாள்.

முசேயின் முகம் சிவந்தது. "யாரைக் கேட்டு நிறுத்தினாய்?"

"சாமிக்கு, முசே."

"எந்தச் சாமிக்கு?"

"அன்னைக்கு மெஷின்தான் முசே சாமி."

அவர் நோட்டைப் புரட்டி, ஏழு பொட்டு வந்த தேதியைப் பார்த்தார். பிறகு கை நீட்டி மெஷினை நிறுத்தினார்.

சீசாக்களில் அலை அடங்கியது. இருவரும் உட்கார்ந்து காத்திருந்தார்கள். கண்ணாடிக்குள் கோடி உயிர் மூச்சடக்கி நிற்பது அவளுக்குக் கேட்டதுபோல் இருந்தது. காற்றும் தீனியும் தாராளமாய் இருந்தவரை அடுத்தவனைத் திரும்பிப் பாராததுகள். மூச்சு முட்டியதும் ஒவ்வொன்றாய்க் கதவைத் திறக்கின்றன. இனி வாசலில் செத்தவனின் நூல் வந்து விழுந்தால், உள்ளே இழுத்துத் தன்னோடு முடிந்துகொள்ளும்.

ஒன்றரை மணி ஆனதும் முசே நூலை ஊற்றினார்.

வெள்ளிக்கிழமை தட்டைத் திறந்தார். விடியற்காலைப் பனிபோல, எண்ண முடியாத மினுக்கம்.

"திங்கட்கிழமை வருவாய்தானே?"

"கழுவவா முசே, நிறுத்தவா?"

"நிறுத்த," என்றார் ஜெரார். "கழுவ ரீத்தா இருக்கிறாள்."