எல்லோருக்கும் சேர்த்து ஒரே மேசை

இந்தப் பக்கத்தை மூடாதே, மறுபடி திறக்காதே, உன் முறை தானாக வரும் என்று திரையில் அந்த ஒரு வரிதான் நின்றுகொண்டிருக்கிறது, நான் ஏன் மூடப்போகிறேன், முதலாளி உள்ளே எட்டிப் பார்த்தால்தான் மூடவேண்டி வரும், அவர் இப்போது வரக்கூடாது, முன்னால் அந்த லாரி ஓட்டுநரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே இருக்கட்டும். லென்ஸ் வரவழைப்பதற்கென்று கண்ணாடிக் கடைப் பின்னறையில் வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் நான் சாப்பாட்டு மேசைக்கு வரிசையில் நிற்கிறேன் என்று தெரிந்தால் மனிதர் சிரிப்பாரா கத்துவாரா... சொல்லமுடியாது, அவருக்கு மூடு வருவதும் போவதும் வெயில் மழை மாதிரி. பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போவதற்கே இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, ஆனால் அந்தப் பூங்காவுக்குள் இருக்கிற உணவகங்களில் இன்றைக்குக் காலையில்தான் முன்பதிவு திறக்கிறார்களாம், திறந்த சூட்டோடு சூடாக எல்லாம் போய்விடுமாம், போனவர்கள் எல்லோரும் எழுதி வைத்திருக்கிறார்கள், விடுமுறைக் கூட்டத்தில் ஒரு தட்டுச் சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் நின்றோம், குழந்தை எப்படி அழுதது, யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று... ஒன்றுவிடாமல் படித்துவிட்டேன். பதிவு செய்வதா வேண்டாமா, ஒரு வாரமாக இதே கேள்வி, பல் தேய்க்கும்போதும் இதுதான், பஸ்ஸிலும் இதுதான். இரு, இது வலது லென்ஸா இடதா? வலது. மையில் புள்ளி வைத்திருக்கிறேன், நல்லவேளை. ஓட்டுநருக்கு இந்தக் கண்ணாடி இல்லாமல் வண்டியை எடுக்கமுடியாது, மாற்றிப் பொருத்திக் கொடுத்தால் அந்த ஆள் நேராக மரத்தில் போய் மோதுவார்.

வீட்டில் கேட்டேனா என்றால் கேட்டேன், எல்லோரையும் கேட்டேன், அதுதான் நான் செய்த தப்பு. தம்பிதான் இந்தப் பூங்கா யோசனையையே கிளப்பியவன், கிளப்பியதோடு அவன் வேலை முடிந்தது, மற்றது எல்லாம் ஆகாயத்திலிருந்து விழும் என்று நினைப்பு, சாப்பாட்டுக்குப் போய் யாராவது முன்னாடியே இடம் பிடிப்பாங்களா, நாம என்ன மந்திரிங்களா, பசிக்கிற நேரத்துல எங்க காலியா இருக்கோ அங்க உக்கார வேண்டியதுதான் என்கிறான். அக்காவோ, நீ எது செஞ்சாலும் எனக்குச் சரி என்றாள், அக்காவின் சரி எனக்குத் தெரியாதா, அன்றைக்கு வெயிலில் நிற்கும்போது, நான் அப்பவே நெனச்சேன், சொல்லி என்ன ஆகப்போவுதுன்னு விட்டுட்டேன் என்பாள். என் வீட்டுக்காரர் அதற்கும் மேலே, அது உங்க வீட்டு விஷயம், நான் தலையிட மாட்டேன் என்று பெரிய மனுஷர் மாதிரி சொல்லிவிட்டுக் கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டார். அம்மாவிடம் கேட்கலாம் என்றால் அம்மா இந்த வாரம் முழுக்க அக்கா வீட்டில், அக்காவுக்குக் காலில் சுளுக்கு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அப்பாவே போ போ என்று அனுப்பி வைத்துவிட்டாராம். ஆக யாரும் முடிவு சொல்லவில்லை. முடிவு சொல்லாமலே எல்லோரும் என் தலையில் கட்டிவிட்டார்கள், நடுவில் பிறந்தவள் தலைக்கு அதுதானே வேலை.

அவர்களுக்கு இது சாப்பாட்டு விஷயம். எனக்கு அப்படி இல்லை, எனக்கு இது அப்பாவின் உயிர், வாய்விட்டுச் சொன்னால் எல்லாத்தையும் பெருசாக்காதே என்பார்கள், அதனால் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு, எல்லோரும் வந்து உட்காரும்வரை ஒருவரும் தட்டில் கை வைக்கக்கூடாது. அப்பாவின் சட்டம். கதவு திறக்கிற சத்தம் கேட்டு, செருப்பைக் கழற்றி, கை கழுவி, கடைசி ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் அப்பா முதல் வாய் எடுப்பார், அதன்பிறகுதான் நாங்கள். சின்ன வயதில் பசியில் காது அடைக்க உட்கார்ந்திருக்கிறோம், தம்பி தெருவில் பந்து விளையாடிக்கொண்டிருப்பான். எங்கள் மூவருக்கும் கல்யாணமாகி, வந்தவர்களும் முணுமுணுத்துக்கொண்டே அதற்குப் பழகி... அப்பாவுக்குச் சர்க்கரை வந்து, மாத்திரை போய் ஊசி வந்த பிறகும் சட்டம் அப்படியே இருந்தது, ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும், இல்லையென்றால் ஆளையே சாய்த்துவிடும் என்று டாக்டர் எங்கள் எல்லோருக்கும் முன்னால் வைத்துத்தான் சொன்னார். அப்புறம் அம்மாவின் பிறந்தநாளுக்கு ஓட்டலுக்குப் போனோம். சாப்பாடு வந்துகொண்டே இருக்கிறது என்று பரிமாறுபவர் சொன்னதை நம்பி அப்பா கழிவறைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார், சாப்பாடும் வந்தது, தம்பி வரவில்லை. காரை நிறுத்த இடம் தேடி தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டிருந்தான். தட்டில் இருந்தது ஆறிக்கொண்டிருந்தது, அப்பா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார், நெற்றியெல்லாம் வேர்வை, ஏசி ஓடுகிற இடத்தில் ஏன் வேர்க்கிறது என்று நான் நினைத்தேன், நினைத்தேன் அவ்வளவுதான்... என்னைப் பார்த்து அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், அப்படியே நாற்காலியிலிருந்து சரிந்தார். எட்டும் தூரத்தில் சாப்பாடு. எடுத்து ஒரு வாய் வையுங்கள் என்று ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை, படித்தவர்கள்தான் எல்லோரும். வாயில் சர்க்கரையைக் கொட்டி, ஆம்புலன்ஸ் வந்து, தம்பி ஆஸ்பத்திரி நடையில் நின்று விசும்பி விசும்பி அழுதான்.

அதனால்தான் மேசை வேண்டும் என்கிறேன், நேரம் குறித்த மேசை. ஆனால்... இந்த ஆனாலில்தான் ஒரு வாரமாக மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். மேசைக்கு நேரம் குறித்தால் அப்பா அந்த நேரத்தை நம்பி ஊசி போட்டுவிடுவார், தம்பி அப்போது எந்த ராட்டினத்து வரிசையில் நிற்பானோ, அவன் வரும்வரை மடியில் கை. குறிக்காமல் போனால் எங்கே சாப்பிடுவோம், எப்போது சாப்பிடுவோம் என்று தெரியாது, அப்போதாவது தட்டு கண்ணில் படும்வரை ஊசியை எடுக்கமாட்டார், ஆனால் அதுவரை வெயிலில் பசியோடு நடக்க வேண்டும், அந்த உடம்பு தாங்குமா? பதிவு செய்தாலும் பயம், செய்யாவிட்டாலும் பயம், நான் என்னதான் செய்யட்டும்? இதோ, திரை மாறிவிட்டது, கடவுளே, என் முறை. எத்தனை பேர் என்று கேட்கிறது. பதினோரு பேர். முடியாதாம், ஒரு மேசைக்கு ஆறு பேர்தானாம். கிழிந்தது போ. மறுபடி ஆறு என்று போடுகிறேன், மதியம் ஒரு மேசை இருக்கிறது, ஐந்து என்று போட்டால் அதே உணவகத்தில் அரை மணி கழித்து இன்னொன்று, இரண்டையும் எனக்காகக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கிறதாம், மூலையில் வினாடிகள் குறைந்துகொண்டே போகின்றன. ஒரு நிமிஷம், இதுகூட நல்லதுதானோ? அப்பா, அம்மா, நான், என் வீட்டுக்காரர், எங்கள் பிள்ளை, எதற்கும் அடம்பிடிக்காத அக்காவின் மூத்த மகள், இந்த ஆறு பேரும் முதல் மேசையில். தம்பி கூட்டமும் மற்றவர்களும் அப்புறம். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், இடமே அப்படித்தான், நாம் என்ன செய்வது என்று பழியை உணவகத்தின் மேல் போட்டுவிடலாம். அப்பா ஒத்துக்கொள்வாரா? கேட்காமல் போட்டால் அங்கே வந்து முதல் மேசையில் உட்கார்ந்துகொண்டு இரண்டாவது மேசைக்காகக் காத்திருப்பார், செய்வார், அப்படிப்பட்டவர்தான். கண்ணாடி ரெடியா என்று முதலாளி அங்கிருந்தே கேட்கிறார், இதோ ஆச்சு சார் என்கிறேன், இடது லென்ஸ் இன்னும் விளிம்பு தேய்க்கிற இயந்திரத்துக்குள் தண்ணீரில் சுற்றிக்கொண்டிருக்கிறது. போனை எடுத்து அப்பாவைக் கூப்பிடுகிறேன்.

முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டார், போனைக் கையிலேயே வைத்திருந்தாரோ என்னவோ. வந்துட்டியா, எவ்வளவு நேரம் ஆச்சு என்றார், எதைச் சொல்கிறார் என்று புரியவில்லை, கேட்க நேரமும் இல்லை, திரையில் வினாடிகள் ஓடுகின்றன, நான் மடமடவென்று இரண்டு மேசைக் கதையைச் சொல்லி முடித்தேன். பதினோரு பேர் போயிட்டு ரெண்டு பந்தியா, நாம என்ன ரெண்டு வீடா என்றார். மேசை அவ்வளவுதான்பா இருக்கு என்றேன். அப்படின்னா வேணாம், ஏதாவது வாங்கிட்டுப் போய் புல்தரையில எல்லாரும் சேர்ந்து உக்காந்துக்கலாம், எனக்கு யாராவது ஒருத்தர் சாப்பிடாம இருந்தா தொண்டையில இறங்காது, உனக்குத் தெரியாததா என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது, டாக்டர் சொன்னது மறந்துபோச்சா, அன்னைக்கு நாற்காலியிலேர்ந்து விழுந்தது மறந்துபோச்சா என்று குரலை அடக்கிக்கொண்டு சீறினேன், அவர் அதற்கு, அன்னைக்கு ஏதோ நேரம் சரியில்ல என்றார். குரல் கொஞ்சம் குழைந்தாற்போல இருக்கிறதே, தூங்கி எழுந்தாரா? இந்த நேரத்திலா?

"அத விடும்மா. காலையில ரெண்டு தடவை அடிச்சேன், எடுக்கல. சாப்பிட்டியா?"

முன்பதிவு திறக்கிற நேரத்தைத் தவறவிடக்கூடாது என்று போன் சத்தத்தை நிறுத்திவிட்டு இந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன், அதில் அடித்திருப்பார். நான் என்ன கேட்கிறேன், இவர் என்ன கேட்கிறார், உலகமே தலைகீழாகப் போனாலும் இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் போனை வைக்க மாட்டார், அப்பா, இங்க நேரம் போய்க்கிட்டு இருக்கு, சொல்லுங்க, ரெண்டு மேசையைப் போடவா வேணாமா என்றேன்.

"நீ முதல்ல சொல்லு. தம்பி அப்பவே ஆச்சுன்னுட்டான். அக்கா வீட்டுல எல்லாருக்கும் ஆச்சுன்னு அம்மா சொல்லிட்டா. நீதான் பாக்கி."

பாக்கி என்றால்... என்ன பாக்கி? ஐந்து பேர் மேசை போய்விடுமே என்று ஒரு கண் திரையிலேயே இருந்தது, அதனால் அந்த வார்த்தை காதில் விழுந்தும் உடனே உள்ளே போகவில்லை. இயந்திரம் நின்றது. அறையில் சத்தமில்லை. அவர் மூச்சு விடுவது கேட்டது, வேகமாக, மேல்மூச்சாக. அப்பா, நீங்க ஊசி போட்டாச்சா என்றேன். அது எப்பவோ போட்டாச்சு என்றார். சாப்பிட்டீங்களா?

"தட்டு போட்டு மூடி வச்சிருக்கேன்."

என் கைப்பையில் சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருக்கிறது, காலையில் நான் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை. "ஆச்சுப்பா," என்றேன், "அப்பவே சாப்பிட்டேன், வயிறு நெறய சாப்பிட்டேன், நீங்க சாப்பிடுங்க." சரி சரி என்றார், உடனே போனை வைக்கப் போனார், வைக்காதீங்க, வைக்காமலே சாப்பிடுங்க, நான் கேட்டுக்கிட்டே இருக்கேன் என்றேன், என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. மூடியை எடுத்துவைக்கிற சத்தம். தட்டை இழுக்கிற சத்தம். அப்புறம் மெல்லுகிறார், அவசர அவசரமாக, பேச்சே இல்லாமல், இன்னொரு வாய், இன்னொன்று. வாசற்படியில் முதலாளி வந்து நிற்கிறார், என் முகத்தைப் பார்த்தார், பின்னால் ஓட்டுநரின் தலை தெரிகிறது. திரையில் உங்கள் நேரம் முடிந்தது என்று வந்துவிட்டது, இரண்டு மேசையும் போயிற்று, போகட்டும்... அம்மா அக்கா வீட்டுக்குப் போனதிலிருந்து தினமும் காலையில் அடிக்கிறார். அம்மா இல்லாமல் பொழுது போகவில்லை, அதனால் அடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நேற்று பஸ்ஸில் எடுக்கவில்லை, இறங்கி, கடை திறந்து, அலமாரியெல்லாம் துடைத்து முடித்த பிறகுதான் திருப்பிக் கூப்பிட்டேன், ஆச்சா என்றார், ஆச்சு என்றேன், அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை பேசாமல் சட்டென்று வைத்துவிட்டார். பேசக் கூப்பிட்டுவிட்டு இப்படியா முகத்தில் அடித்தாற்போல வைப்பது என்று எனக்குக் கோபம்கூட வந்தது.