திறந்த அலகு

பறவைக் கழகத்தின் புகைப்படப் போட்டியில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனுக்கு முதல் பரிசு கிடைத்ததில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. கடற்கழுகுக் கூட்டை, ஒரு இலைகூடக் குறுக்கே இல்லாமல், அவ்வளவு தெளிவாக அந்தக் கழகத்தில் யாரும் படம் எடுத்ததில்லை. வெள்ளைத் தூவியோடு இரண்டு குஞ்சுகள். இரண்டும் அலகைப் பிளந்துகொண்டு மேலே பார்க்கின்றன. கீழே ‘பசி’ என்று தலைப்பு. வந்தவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு அவன் கையைக் குலுக்கினார்கள். அவனும் சிரித்துவைத்தான். உள்ளுக்குள் கூனிக் குறுகிப்போயிருந்தான்.

இலை குறுக்கே வராததற்குக் காரணம் திறமை அல்ல, செடி வெட்டும் கத்தரி. அந்த மரம் கடலோரப் பாறைச் சரிவில் நின்றது. பாறை உச்சியிலிருந்து பார்த்தால் ஒரு கிளை கூட்டின்மேல் கவிந்து பாதியை மறைத்தது. கொக்கி போட்டு இழுத்து நறுக்கிவிட்டான். ஊரார் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறவனுக்கு, அந்தக் கிளை அங்கே எதற்கு இருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை.

கூடு இருக்கும் இடத்தை அவனுக்குச் சொன்னது அக்கா. தபால் ஆபீஸில் வேலை. பதினோரு வருஷமாக ஞாயிறு தவறாமல் கீழே மணலில் உட்கார்ந்து, கழகத்தின் தொலைநோக்கியில் அந்தக் கூட்டைக் காவல் காக்கிறவள். யாரிடமும் மூச்சுவிட மாட்டாள். காய்ச்சலில் படுத்த ஒரே ஒரு ஞாயிறு, தம்பிதானே என்று நம்பி அவனை அனுப்பினாள். அதற்கடுத்த வாரம் கூட்டில் தலை எதுவும் தெரியவில்லை. மரம் ஏறுகிற ஒருவரை அனுப்பிப் பார்த்ததில் இரண்டும் செத்துக் கிடந்தன.

படத்தை அவன் அதற்கு முன்பே போட்டிக்கு அனுப்பியிருந்தான். திரும்பக் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டான்.

அக்காவோ பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். காய்ச்சலுக்கு முந்தின வாரம், சரியாகத் தெரியவில்லை என்று அவள் இருபதடி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாளாம். அதில்தான் தாய் மிரண்டுவிட்டதாம். இரண்டு மாதமாக இதையே சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். இன்று தொலைநோக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தது கழகச் செயலாளரிடம் திருப்பிக் கொடுக்கத்தான். இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கப்போவதில்லையாம்.

செயலாளர் மேடையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். அக்கா தோல்வாரைத் தோளிலிருந்து கழற்றினாள். அவனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அவள் கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்துப்போனான்.

“குடுக்காதக்கா. நீ ஒண்ணும் பண்ணல. மேல இருந்த கிளைய நான்தான் வெட்டினேன். படத்துக்கு மறைச்சுது.”

திட்டுவாள், அறைவாள் என்று காத்திருந்தான். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அவனை விட்டுவிட்டுப் படத்தின் முன் போய் நின்றாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். வெகுநேரம் பார்த்தாள்.

“இது பசி இல்லடா. வெயில் தாங்காம வாயத் திறந்து மூச்சு வாங்குது.”

அலகு இன்னும் அகலமாகத் திறக்கட்டும் என்று அன்று பொறுமையாகக் காத்திருந்தது அவனுக்கு நினைவுக்கு வந்தது. இருக்கிற இடம் தெரியாமல் செத்துப்போய்விடலாம் போலிருந்தது.

“தாய் வரலயா?”

“மேல சுத்திக்கிட்டே இருந்துச்சு. நான் இருந்ததால இறங்கல.”

“எவ்வளவு நேரம் இருந்தே?”

“பதினோரு மணிலேருந்து மூணு மணி வரைக்கும்.”

“அந்த வெயில்ல நீ எப்படிடா உக்காந்திருந்தே?”

பின்னால் யாரோ அவனைப் படம் எடுக்க வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். அக்கா நகரவில்லை. பதில் சொல்லியே ஆகவேண்டும்.

“வெட்டின கிளைய எனக்கு நிழலுக்கு வெச்சுக்கிட்டேன்க்கா.”