மூணு நாள் ஓய்வு

மஞ்சுளா தன் ஊரான கரியமாணிக்கத்தில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கியபோது மணி பதினொன்றே முக்கால். வாயில் பஞ்சு. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய இடத்தில் அதை வைத்த டாக்டரம்மா, "பன்னண்டு மணி வரைக்கும் நல்லா கடிச்சிக்கினே இரும்மா. பேசாத, துப்பாத" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

பல் பிடுங்கியது ஒன்றுமே இல்லை. ஊசி மட்டும் கொஞ்சம் சுருக்கென்றது. அப்புறம் யாரோ முளைக்குச்சியைப் பிடித்து ஆட்டுவது போல ஓர் அழுத்தம், மளுக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உதடுதான் மரத்துப்போய், யாருடைய உதட்டையோ இரவல் வாங்கி ஒட்டிக்கொண்டது போல இருந்தது.

அவளை எரித்தது டாக்டரம்மா கடைசியாகச் சொன்ன சொல். "எட்டு மாசம் முன்னாடி வந்திருந்தா அடைச்சே காப்பாத்தியிருக்கலாம். பக்கத்துப் பல்லும் சொத்தை. அடுத்த வாரம் வந்துடு, அதையாவது காப்பாத்துவோம்."

எட்டு மாதமும் அவள் கேட்காமலா இருந்தாள்? கேட்கும்போதெல்லாம் புருஷன் வீரமணி, "கரும்பு வெட்டு முடியட்டும். ஒரு பல்லுக்கு இன்னா அமர்க்களம்? கிராம்ப வச்சிக் கடி" என்பான். அவள் கடித்த கிராம்பில் நெட்டப்பாக்கம் கொம்யூனின் அத்தனை ஊர்களுக்கும் பிரியாணி போட்டிருக்கலாம். விடாமல் கேட்டால், "மேல்பல்ல புடுங்கினா கண்ணு பூடும்டி" என்று பயமுறுத்துவான். போன வருஷம் அவன் பிடுங்கிக்கொண்டதும் மேல்பல்தான். ஆம்பளைக் கண் போகாதாம்!

அன்றைக்கு அவன் போனது காரில். துணைக்கு நாலு பேர். ஊசியைக் கண்டு அவன் போட்ட கூச்சலில் பக்கத்து ஊர் கரையாம்புத்தூர் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டன. திரும்பி வந்து மூன்று நாள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. பேக்கரியில் இருந்த ஐஸ்கிரீம் அத்தனையும் அந்த ஒரு வாய்க்குள் போனது. டாக்டரம்மா கொடுத்த அறிவுரைத் தாளைக் காலண்டருக்குப் பக்கத்தில் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டி, வேளைக்கொரு தரம் மஞ்சுளாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டான். இன்றைக்கு மஞ்சுளா தனியாகப் போய்த் தனியாக வந்தாள்.

வீட்டு வாசலில் வீரமணி கோழிக்கறிப் பையோடு நின்றான்.

"வந்துட்டியா? அக்கா மவன் அருள்மொழி சாப்புட வரான். காரமா கொழம்பு வையி."

மஞ்சுளா கன்னத்தைக் காட்டி, "ம்ம்" என்றாள்.

"இன்னா ம்ம்? வாயில கொழுக்கட்டையா? சூடா டீ போட்டு நீயும் ஒரு வாய் குடி, செரியா பூடும். அதுக்கு முன்ன மாட்டுக்கு அந்தத் தோகைக் கட்ட தூக்கிப் போடு."

பதினேழு வருஷப் பழக்கம், உடம்பு தானாகக் குனிந்தது. கரும்புத் தோகைக் கட்டைத் தூக்கியதும் தொண்டையில் உப்புக் கரித்தது. ரத்தம். கட்டைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். விடுவிடுவென்று சமையலறைக்குள் போய்க் கரண்டியை எடுத்துவந்து, காலண்டருக்குப் பக்கத்தில் இன்னும் ஒட்டியிருந்த அந்தத் தாளில் 'ணங்'கென்று ஒரு தட்டு தட்டினாள்.

"இன்னாடி இது?" என்றபடி வீரமணி பின்னாலேயே உள்ளே வந்தான்.

ணங்! படி என்று கண்ணாலேயே அதட்டினாள்.

"பாரம் தூக்கக் கூடாது..." வீரமணி படித்தான்.

ணங்!

"சூடாகவோ காரமாகவோ எதுவும் சாப்பிடக் கூடாது..."

ணங்!

"கன்னத்தில் ஐஸ் ஒத்தடம் கொடுக்கவும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பது மறுநாள் முதல்..."

கரண்டி கடைசி வரிக்கு வந்தது. 'முதல் நாள் ஓய்வு' என்று அச்சடித்திருந்ததில் 'முதல்' என்பதை அடித்துவிட்டு, சிவப்பு மையில் 'மூணு' என்று எழுதியிருந்தது. அவன் கையெழுத்துத்தான்.

பன்னிரண்டு அடித்தது. மஞ்சுளா பஞ்சை எடுத்துக் காகிதத்தில் சுருட்டினாள். அதுவரை 'ஏங்க' என்று மட்டுமே கூப்பிட்ட வாய், மரத்த உதட்டோடு திறந்தது.

"யோவ்! இந்தத் தாள்ல எங்கியாவது ஆம்பளைக்கு மட்டும்னு போட்டிருக்கா?"

அந்த நேரம் பார்த்து அருள்மொழி, "கறி வாசனையே வர்லியே மாமா?" என்றபடி உள்ளே நுழைந்தான். வீரமணி கறிப் பையை அவன் கையில் திணித்தான். "உன் வூட்டுக்கே எடுத்துக்கினு போ. ஆக்கறதும் நீயே ஆக்கு, உன் பொண்டாட்டிகிட்ட குடுக்காத." பிறகு மஞ்சுளாவைப் பார்க்காமலே கேட்டான். "கஞ்சி... எவ்ளோ தண்ணி ஊத்தணும்?"

"ஊத்திக் கத்துக்கோ. ஆற வச்சிக் குடு. அடுத்த வாரம் பக்கத்துப் பல்லுக்குப் போறன், நீயும் வந்து வெளிய குந்தியிரு" என்றபடி மஞ்சுளா கட்டிலில் சாய்ந்தாள். "நான் பொறுத்துக்கறன்னு எனக்கு வலிக்கலன்னு நெனச்சிக்கினியா? ஆம்பளைக்கும் முப்பத்திரண்டு பல்லுதான், பொம்பளைக்கும் முப்பத்திரண்டுதான். வூட்டுப் பொம்பளை வலியத் தள்ளிப் போட்டவன் எட்டு மாசத்த மிச்சம் புடிக்கல, ஒரு பல்லத் தொலைச்சான். நல்லவேளை, பல்லோட போச்சி."