எஸ்டேட் சரக்கு

சுகுமாறனுக்குச் சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை. சகலை மட்டும்தான் இருந்தான்.

சகலை திருச்செல்வம் பெட்டாலிங் ஜெயாக்காரன். சுகுமாறனின் மனைவி மலர்விழியின் தங்கை மாதவியை அவன் கட்டிய நாளிலிருந்து, கிள்ளானில் மாமனார் தம்புசாமி வீட்டில் சுகுமாறன் 'பெரிய மாப்பிள்ளை' ஆகிப்போனான். அதற்கு முன் வெறும் 'மாப்பிள்ளை'. 'பெரிய' வந்து ஒட்டிக்கொண்டதும் ஆள் சிறுத்துப்போவதை அவன் கண்கூடாகப் பார்த்தான்.

போன தீபாவளிக்குத் திருச்செல்வம் ஒரு பிரெஞ்சு சிவப்பு வைன் கொண்டுவந்தான். ஏலத்தில் எடுத்ததாம். லேபிள் பாதி கிழிந்து, மீதி பூஞ்சை பிடித்து, சாக்கடையில் விழுந்து எழுந்த மாதிரி இருந்தது. மாமனார் அதைப் பச்சைக் குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கினார்.

"பாத்தாலே தெரியுது லா, வயசான சரக்கு!"

குடித்தது ஒரு சாயங்காலம். 'எங்க சின்ன மாப்பிள்ளை கொண்டாந்த வைன்' என்று மனிதர் பேசியது வருஷம் முழுக்க.

இப்போது அவருக்கு எழுபதாவது பிறந்தநாள் வருகிறது. அன்றைக்கு அதைவிட வயசான பாட்டிலை வைக்காவிட்டால் சாகும்வரை தான் பெரிய மாப்பிள்ளைதான் என்று சுகுமாறன் முடிவுகட்டினான். வைன் வரவழைத்துக் கொடுக்கும் வாணி என்ற பெண்ணைப் பிடித்தான்.

"ஏலத்துல வர்றது எத்தனை கை மாறிச்சோ, எங்க வெயில்ல கிடந்துச்சோ, யாருக்குத் தெரியும் அங்கிள்?" என்றாள் வாணி. "இது வைன் செய்யற எஸ்டேட்லேர்ந்தே நேரா வர்றது. செஞ்ச நாள்லேர்ந்து அவங்க நிலவறையை விட்டு அசையல. நல்லா முதிர்ந்து, குடிக்கிற பதம் வந்தப்புறம்தான் வெளிய விடறாங்க."

"சகலையவிட வயசு கூடவா?"

"சகலை எந்த வருஷம் அங்கிள்?"

"தொண்ணூத்தாறு."

"இது எண்பத்தொன்பது."

சுகுமாறன் அன்று நிம்மதியாகத் தூங்கினான். பாட்டில் வந்ததும் தூக்கம் போயிற்று. லேபிள் கல்யாண வேட்டி மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது.

"என்ன வாணி, நேத்து பாசார்ல வாங்கின மாதிரி இருக்கு?"

"அதுதானே அங்கிள் அழகு! நிலவறையில வெறும் பாட்டிலாத்தான் படுத்திருக்கும். அனுப்பறப்பதான் லேபிள் ஒட்டுவாங்க. சுத்தமா இருந்தாதான் நேரா வந்ததுன்னு அர்த்தம்."

அர்த்தம் வாணிக்குத் தெரியும். மாமனாருக்கு? அவருக்குத் தெரிந்த வயசெல்லாம் அழுக்குதான். சுகுமாறன் சகலையின் பூஞ்சையை நினைத்து ஏங்கினான். பிறகு தன் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, பால் விடாத கோப்பி ஓவில் பஞ்சை நனைத்து லேபிளை ஒற்றினான். காய்ந்ததும் ஒரு மூலையை நகத்தால் கிழித்தான். தூசிக்குத்தான் வழியில்லை. மலர்விழி வீட்டை அப்படி வைத்திருந்தாள். கடைசியில் சாமி மேடைக்குப் போய் விபூதியை எடுத்து வந்து பாட்டில் முழுக்கத் தடவினான்.

"என்னங்க, பாட்டிலுக்குப் பூஜையா?" என்றாள் மலர்விழி.

"நல்ல காரியம். நடுவுல பேசாத."

பிறந்தநாளன்று கிள்ளானில் பாட்டிலை மாமனார் கையில் கொடுத்தான்.

"எஸ்டேட்லேர்ந்து நேரா வந்தது மாமா."

டெங்கில் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் தம்புசாமி. அவர் முகம் மாறியது. "எஸ்டேட் சரக்கா? எங்க எஸ்டேட்ல காய்ச்சினதைக் குடிச்சு ரெண்டு பேருக்குக் கண்ணே போச்சு."

"இது பிரான்ஸ் எஸ்டேட் மாமா."

"அங்கயும் இருக்கா? கங்காணி யாரு, நம்மாளா?"

பேசிக்கொண்டே பாட்டிலைத் திருப்பிப் பார்த்தவரின் விரலில் சாம்பல் ஒட்டியது. பழக்க தோஷத்தில் நெற்றியில் இட்டுக்கொண்டார். திருச்செல்வம் பாட்டிலை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, லேபிளை முகர்ந்தான்.

"அண்ணே, எஸ்டேட்லேர்ந்து நேரா வந்தா லேபிள் பளிச்சுனு இருக்கும். இதுல கோப்பி ஓ வாசம் வருது. அப்புறம் இது விபூதி. பிரான்ஸ்காரன் விபூதிக்கு எங்க போவான்? பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் எவனோ பண்ண வேலை. உங்களை நல்லா ஏமாத்திட்டான்."

மலர்விழி முறுக்குத் தட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுகுமாறன் ஏமாற்றுக்காரனாகலாம், அல்லது ஏமாளியாகலாம். ஏமாளிக்கு அனுதாபமாவது கிடைக்கும்.

"ஆமாப்பா. ஏமாந்துட்டேன்."

"பாவம், பெரிய மாப்பிள்ளை," என்றார் மாமனார்.

கண் போய்விடும் என்று அவர் தடுத்தும், திருச்செல்வம் தியாகி மாதிரி பாட்டிலைத் திறந்து முதல் வாய் குடித்தான். இன்னொரு வாய் குடித்தான். அவன் முகம் போன போக்கு சுகுமாறனுக்கு நன்றாகப் பழகியது. தினமும் கண்ணாடியில் பார்ப்பது. மாதவியும் ஒரு வாய் குடித்துவிட்டு, "உங்களுதைவிட இது எவ்வளவோ மேல்ங்க," என்றாள் புருஷனிடம்.

இதற்காகத்தானே ஒரு வருஷம் வயிறு எரிந்தது! 'அசல் எஸ்டேட் சரக்குடா' என்று கத்த சுகுமாறனுக்கு நாக்கு துடித்தது. கத்தினால் கோப்பியும் விபூதியும் கூடவே வெளியே வரும்.

கிளாஸ்கள் சுற்றி வந்தன. மாமனார் மூன்றாவது முறை ஊற்றிக்கொண்டார். திருச்செல்வம் சுகுமாறனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"போலியே இப்படின்னா... அந்த ஏமாத்துக்காரன் யாருண்ணே? எனக்கு ஒரு பெட்டி வேணும்."

"அவன் ஒரே ஒரு பாட்டில்தான்ப்பா செஞ்சான்."

"சும்மா சொல்லாதீங்க. எனக்குக் கிடைச்சிடக் கூடாதுன்னு மறைக்கிறீங்க." திருச்செல்வம் நிஜமாகவே வருத்தப்பட்டான். "உங்களுக்குப் பொறாமைண்ணே."

"சின்ன மாப்பிள்ளை கேக்கறார்ல, சொல்லிடுங்களேன்," என்றார் மாமனார், நெற்றியில் விபூதியோடு.

சுகுமாறன் மேசைக்குப் போனான். இத்தனை நேரமும் அவன் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பாட்டிலைக் கவிழ்த்தான். அடியில் தங்கிய கசடுதான் விழுந்தது. அதைக் குடித்தான்.

அருமையாக இருந்தது.