காப்பாளர் கையெழுத்து

ஐந்தாம் மாடிக்கு மேலே இருந்த தண்ணீர்த் தொட்டிக்குள், முழங்கால் தண்ணீரில் குனிந்து புது வால்வைத் திருகிக்கொண்டிருந்தார் பிளம்பர். கூட வேலை செய்கிறவர்கள் அவரை 'வாஷர்' என்பார்கள். சட்டைப்பையில் எப்போதும் நாலைந்து ரப்பர் வாஷர் கிடக்கும். "பார்க்கச் சின்னச் சாமான்தான்யா, அது இல்லேன்னா எல்லாம் ஒழுகிடும்" என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

தொட்டி விளிம்பில் போன் அதிர்ந்தது. மனைவி.

"ஏங்க, நம்ம குட்டி ஓட்டப் பந்தயத்துல ஓடப் போறாங்க! டீம்ல ஒரு பொண்ணுக்குக் கால் பிசகிடுச்சாம். இவளைக் கூட்டிட்டுப் போறாங்க. அஞ்சு மணிக்கு பஸ்ஸு!"

"அடி சக்கை!" அவர் போட்ட கூச்சல் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

"முழுசா கேளுங்க. ஃபாரத்துல கையெழுத்து வேணுமாம்."

"வந்து போடுறேன், அதுக்கென்ன?"

"உங்க கையெழுத்து செல்லாதாம். வெளியூருக்குன்னா காப்பாளர்தான் போடணுமாம்." குரல் இறங்கியது. "அந்த ஆபீசர்."

குட்டி அந்த வீட்டுக்கு வந்தபோது மூன்று வயது. ஆறே மாதம் வைத்திருங்கள் என்றுதான் சிறுவர் நலத்துறை ஒப்படைத்தது. இப்போது பதிமூன்று. அவளுக்கு நுரையீரலில் சளி கட்டியபோது பதினொரு நாள் ஆஸ்பத்திரித் தரையில் படுத்துக் கிடந்தவர் அவர். அவளுக்கும் அவருடைய சொந்த மகளுக்கும் ஒரே கட்டில், தினமும் போர்வைச் சண்டை. காகிதத்தில் மட்டும் அவர் 'தற்காலிகப் பராமரிப்பாளர்'. காப்பாளர் என்ற இடத்தில் அதிகாரியின் பதவி இருந்தது. இத்தனை வருடத்தில் அந்த நாற்காலியில் ஆறு பேர் மாறிவிட்டார்கள்.

"பெரியவ ஃபாரத்தோட ஆபீசுக்குக் கிளம்பிட்டா. நீங்க ஓடுங்க."

மணி மூன்றே முக்கால். வால்வை இறுக்கி, கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே ஏறினார். படிக்கட்டில் காண்ட்ராக்டர் மறித்தார்.

"இன்னும் ரெண்டு தொட்டி கிடக்கு. எங்கே கிளம்பிட்டே?"

"அண்ணே, என் பொண்ணு ஓடப் போறா!"

"அவ ஓடினா நீ ஏன்யா ஓடுறே? இப்ப இறங்கினா நாளைக்கு ஏற வேண்டாம்."

ஒரு நொடி நின்றார். அந்தக் கட்டடத்தில் இன்னும் மூன்று வார வேலை இருந்தது. பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார்.

அலுவலக வாசலில் மூத்த மகள் பிளாஸ்டிக் உறையில் படிவத்தோடு நின்றாள்.

"என்னப்பா இப்படி நனைஞ்சிருக்கே?"

"வேர்வைடி."

"வேர்வை இப்படியா சொட்டும்?"

உள்ளே குமாஸ்தா நிமிரவில்லை. "மனுவை வெச்சுட்டுப் போங்க. ஏழு நாள் ஆகும்."

"சார், பஸ்ஸுக்கு அரை மணி நேரம்தான் இருக்கு."

"ஐயா மீட்டிங்ல இருக்காரு."

"எப்போ வருவாரு?"

"வரும்போது வருவாரு."

இருவரும் வாசலிலேயே காத்திருந்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் அவர் துள்ளி எழுந்தார். ஒருமுறை தேநீர் கொண்டுபோகிறவருக்கே வணக்கம் வைத்துவிட்டார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் போன் வந்தது.

"டிரைவர் கிளம்பணுங்கிறான். நான் பஸ்ஸுக்கு முன்னாடி நின்னுட்டேன். என்மேல ஏத்தட்டும் பார்க்கலாம்!"

"அம்மா, மானம் போகுது, இந்தப் பக்கம் வா!" என்ற குட்டியின் குரலும், பின்னால் பிள்ளைகளின் சிரிப்பும் கேட்டன.

"அந்த டிரைவரையே பஸ்ஸை இந்த வழியா ஓட்டிட்டு வரச் சொல்லேன்டி!" என்றார் அவர்.

ஐந்தடித்துச் சில நிமிடங்களில் அதிகாரி வெளியே வந்தார். கார் கதவை டிரைவர் திறந்து பிடித்திருந்தார். பிளம்பர் ஓடிப்போய் நின்று மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னார்.

அதிகாரி மூத்தவளைப் பார்த்தார். "இந்தப் பொண்ணா?"

"இல்ல சார், இது என் மூத்த பொண்ணு. ஓடுறது சின்னவ."

"அதான், எங்க பொண்ணு. சரி, குடு." பேனாவை எடுத்துச் சுற்றுமுற்றும் பார்த்தார். "எதுல வெச்சுப் போடுறது?"

பிளம்பர் சட்டென்று திரும்பி, முழங்காலில் கையூன்றிக் குனிந்தார். ஈரச் சட்டைமேல் மகள் பிளாஸ்டிக் உறையைப் போட்டு, அதன்மேல் படிவத்தை விரித்தாள்.

"அசையாதேய்யா. கோணிக்கும்."

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பேனா முதுகில் ஓடியது.

அப்போதுதான் தெருமுனையில் பேருந்து திரும்பியது. படியில் தொற்றியபடி மனைவி கையை ஆட்டினாள். கையெழுத்து விழுந்ததுமே மூத்தவள், உறையை அவர் முதுகிலேயே விட்டு, படிவத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். ஜன்னல் வழியாக நீண்ட குட்டியின் கையில் அதைத் திணித்தாள். பேருந்து முழுக்கப் பிள்ளைகள் 'ஓ'வென்று கத்தினார்கள். மனைவி கீழே குதிக்க, பேருந்து கிளம்பியது.

குட்டி மட்டும் கத்தவில்லை. தலையை வெளியே நீட்டி அப்பாவைத் தேடினாள்.

அவர் இன்னும் குனிந்தே நின்றார். மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆச்சா சார்? நிமிரலாமா?"

அதிகாரியின் கார் எப்போதோ போய்விட்டிருந்தது.